இரண்டு அனுமதிக் கடிதங்கள், 19 நாள்: வேலை மாற நினைத்த ஒருவரின் எம்பிஏ கணக்கு

அவர் என்னைப் பார்க்க வந்தபோது இரண்டு கல்லூரிகளிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கியிருந்தார். ஒன்று இரண்டாண்டு முழுநேர எம்பிஏ. மற்றது மூன்றாண்டு பகுதிநேரம்: வாரத்தில் இரண்டு மாலை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. எதற்கானாலும் முன்பணம் கட்ட 19 நாள்தான் பாக்கி.

வயது 31. இயந்திரப் பொறியியல் பட்டம். ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாடு. அவருக்குக் கீழே ஏழு பேர். மேலதிகாரியோடு சண்டை இல்லை, சம்பளத்தில் பெரிய குறை இல்லை. "இதே வேலைய இன்னும் இருபது வருஷம் நல்லாவே செய்வேன் அண்ணா. அதுதான் பயமா இருக்கு" என்றார். கல்லூரியில் எனக்கு நான்கு ஆண்டு இளையவர். அந்த உரிமையில் அண்ணா. போக நினைத்த இடம் நிதித் துறை. பெயரும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களும் இங்கே இருக்காது.

நிர்வாகக் கல்லூரிகளில் பாடமாக வைக்கும் நிகழ்வு ஆய்வுகள் (கேஸ் ஸ்டடி) பெரும்பாலும் கதைமாந்தரை முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையைக் கழுவிவிடும். 1908இல் எம்பிஏவைத் தொடங்கிய ஹார்வர்டு வளர்த்தெடுத்த முறை அது. வகுப்பில் விவாதிக்க நல்ல முறை. ஆனால் முன்பணம் கட்டுகிறவருக்கு அடுத்து என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். அதனால் முடிவையும், அதில் நான் போட்ட தப்புக் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த வாசல்?

அவருடைய கேள்வி "முழுநேரமா, பகுதிநேரமா?" என்பது. நான் திருப்பிக் கேட்டது வேறு: "படிப்பு முடிஞ்சதும் உனக்கு முதல் வேலையை யார் தரப்போறாங்க? அவங்க ஆள் எடுக்கிற வழி என்ன?"

பதில் இல்லை. "ஃபைனான்ஸ்" என்றார் மறுபடியும். அது ஒரு தெருவின் பெயர், வீட்டு எண் இல்லை. முதலீட்டு வங்கி, ஒரு நிறுவனத்தின் உள் நிதிப்பிரிவு, கடன் மதிப்பீடு, சொத்து நிர்வாகம் எல்லாம் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு பக்கம்.

முதலீட்டு வங்கியை எடுத்துக்கொள்வோம். பெரிய வங்கிகள் எம்பிஏ மாணவர்களை எடுக்கும் முக்கிய வழி, முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் நடுவிலுள்ள கோடைக்கால இன்டர்ன்ஷிப். சுமார் பத்து வாரம் வேலை வாங்கிப் பார்ப்பார்கள். பிடித்தால் இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன்பே வேலைக் கடிதம். பெரிய ஆலோசனை நிறுவனங்களிலும் ஏறக்குறைய இதே கதை. இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. அந்த இன்டர்ன்ஷிப்புக்கான அறிமுகக் கூட்டங்கள் முதல் பருவத்திலேயே, கல்லூரி திறந்த சில வாரங்களில் தொடங்கிவிடும். கணக்குப்பதிவியல் முதல் தேர்வு எழுதும் முன்பே "ஏன் வங்கித் துறை?" என்ற கேள்விக்குச் சரளமாகப் பதில் சொல்லியாக வேண்டும். "ரெண்டு வருஷம் இருக்கே, உள்ளே போய் யோசிச்சுக்கலாம்" என்று முழுநேரத்தில் சேருகிறவர் யோசித்து முடிப்பதற்குள் பந்தி முடிந்து இலையை எடுத்துவிடுவார்கள்.

ஆக, முழுநேரப் படிப்பில் வேலை மாறுகிறவர் விலை கொடுத்து வாங்கும் முக்கியமான சரக்கு அந்தப் பத்து வாரம். பாடத்தை எங்கேயும் படிக்கலாம். ஆனால் முன் அனுபவமே இல்லாத ஒருவரை ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் அமையாது.

இதைக் கல்லூரிகளே வேறு வார்த்தைகளில் ஒப்புக்கொள்கின்றன. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் சேர்ந்து 16 மாதத்தில் முடிக்கும் ஒரு வழி உண்டு. கோடையிலும் வகுப்பு நடக்கும், இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி கிடையாது. அது தேவைப்படாதவர்களுக்கான வழி என்றே சொல்லிவிடுகிறார்கள்: சொந்தத் தொழில் இருப்பவர், இருந்த நிறுவனத்துக்கே திரும்புகிறவர், இருக்கும் துறையிலேயே மேலே போகிறவர். பிரான்சின் நிர்வாகக் கல்லூரியான இன்சியாட்டின் எம்பிஏ பத்து மாதம். அங்கே ஜனவரியில் சேர்கிறவர்களுக்கு நடுவில் கோடை இடைவெளி கிடைக்கும். ஆகஸ்ட் வாக்கில் சேர்கிறவர்களுக்குக் கிடைக்காது. ஒரே கல்லூரி, ஒரே பட்டம். ஆனால் துறை மாறுகிறவருக்கு எந்த மாதத்தில் சேர்கிறோம் என்பதே பெரிய வித்தியாசம். ஓராண்டுப் படிப்பைக் காலம் மிச்சம் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பகுதிநேரத்தைப் பற்றி ஒரு பழைய இளக்காரம் இன்னும் இருக்கிறது, இரண்டாந்தரப் படிப்பு என்று. அதற்கு ஆதாரம் குறைவு. சிகாகோ பூத், பெர்க்லி ஹாஸ் போன்ற அமெரிக்க நிர்வாகக் கல்லூரிகளில் மாலையிலும் வார இறுதியிலும் படிக்கிறவர்கள் வாங்குவதும் எம்பிஏ பட்டம்தான். வேலையில் இருப்பவர்களுக்கான எக்சிக்யூட்டிவ் எம்பிஏவை 1943இலேயே தொடங்கியது சிகாகோ. மறுபக்கம், ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் பகுதிநேர எம்பிஏ என்று ஒன்றே கிடையாது. பட்டத்தில் வேறுபாடு இல்லாத இடத்திலும் வேறுபாடு இருப்பது வேலைவாய்ப்பு அலுவலகத்தில்தான். கேம்பஸுக்கு வரும் நிறுவனங்களின் இன்டர்வியூவில் பகுதிநேர மாணவர் உட்காரலாமா, எப்போதிலிருந்து, யாருடைய சம்மதத்தோடு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

மாதச் சம்பளத்தில் ஒரு கணக்கு

அன்று மாலை ஒரு தாளில் கணக்குப் போட்டோம். பணத்தை எந்த நாணயத்திலும் எழுதவில்லை. அவருடைய இப்போதைய ஒரு மாதச் சம்பளத்தை 1 என்று வைத்துக்கொண்டோம். இப்படிப் போட்டால் பெரிய தொகையைப் பார்த்து மிரளாமல் இருக்கலாம்; சம்பளம் மாறினாலும் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை.

இரண்டு கல்லூரியிலும் கட்டணம் கிட்டத்தட்டச் சமம், உதவித்தொகை இரண்டிலும் இல்லை. ஆகக் கட்டணத்தை அடித்துவிட்டோம். முழுநேரத்தில் வேலையை விட்ட நாளிலிருந்து புது வேலையில் உட்காரும் நாள்வரை 24 மாதம் சம்பளமில்லை. இன்டர்ன்ஷிப்பில் ஒரு 3 திரும்பி வரும். நிகர இழப்பு 21.

புது வேலையில் சம்பளம் 1.5 என்று வைத்தோம், மாதம் 0.5 கூடுதல். பத்தாண்டு, அதாவது 120 மாதம் பார்க்கலாம் என்றார். முழுநேரத்தில் மாறினால் மிச்சமுள்ள 96 மாதத்துக்குக் கூடுதல் வரவு 48. பகுதிநேரத்தில் மூன்றாண்டு முடித்து மாறினால் 84 மாதத்துக்கு 42.

இரண்டிலும் வேலை மாறுவது நிச்சயம் என்றால் பேச்சே இல்லை. முழுநேரம் 48இல் 21 போக 27; பகுதிநேரம் 42. இந்த இடத்தில் பலர் பேனாவை மூடிவிட்டுப் பகுதிநேரத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். கூட்டல் கழித்தலில் தப்பில்லை, தப்பு அந்த "நிச்சயம்" என்ற சொல்லில்.

துறை மாறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். முழுநேரத்தில் நூற்றுக்கு 70 என்றார். பகுதிநேரத்துக்கு ரொம்ப நேரம் யோசித்து, 30. இவை அவருடைய ஊகம்தான், எந்த ஆய்வும் சொன்ன எண்ணல்ல. போட்டுப் பார்த்தோம். முழுநேரம்: 48இல் 70 விழுக்காடு 33.6, அதில் 21 போனால் 12.6. பகுதிநேரம்: 42இல் 30 விழுக்காடு 12.6.

இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். திட்டமிட்டாலும் இப்படிச் சரிக்குச் சரி வராது.

அந்தச் சமநிலைதான் எங்களுக்கு உதவியது. இனிக் கேள்வி எந்தப் படிப்பு நல்லது என்பது இல்லை. பகுதிநேரத்துக்கு அவர் போட்ட அந்த 30, உண்மையில் 30தானா? அது 50 ஆனால் பகுதிநேரம் 21க்குப் போய்விடும். 10க்கு இறங்கினால் 4.2தான், முழுநேரம் வெல்லும். முன்பணம் கட்டும் முன் அந்த ஓர் எண்ணை மட்டும் உரசிப் பார்த்தால் போதும்.

முதலீட்டு வங்கியே வேண்டும் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதையும் ஓரத்தில் எழுதினோம். சம்பளம் 2.5 என்று வைத்தால் மாதக் கூடுதல் 1.5. முழுநேரத்தில் வெற்றி வாய்ப்பை 40ஆகக் குறைத்தாலும் 57.6இல் 21 போக 36.6. பகுதிநேரத்தில் வாய்ப்பு 5 என்றால் வெறும் 6.3. பெரிய தாவலுக்கு முழுநேரம் ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். ஆனால் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் அந்த வேலை கேட்கும் என்று பேசிய பிறகு அவரே அந்த வரியை அடித்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது நிறுவனத்தின் உள்ளே இருக்கும் நிதிப்பிரிவு: செலவுக் கணக்கு, பட்ஜெட், முதலீட்டுத் திட்டங்களை எடைபோடுவது. தாளில் சேராதவையும் உண்டு: கல்விக் கடன் வட்டி, பழைய வேலையிலேயே வந்திருக்கக்கூடிய பதவி உயர்வு. இரண்டும் முழுநேரத்துக்கு எதிரானவை.

19 நாளில் செய்தது

இரண்டு கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் முதலில் எழுதினார். முழுநேரப் படிப்புகளின் வேலைவாய்ப்பு அறிக்கையில் பட்டம் பெற்று மூன்று மாதத்துக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கு வழக்கமாக இருக்கும். பகுதிநேரத்தில் எல்லாரும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், ஆகவே அந்தக் கணக்குக்கு அங்கே பொருளில்லை. "சம்பளம் உயர்ந்தவர்கள்" என்று ஒரு எண் கொடுப்பார்கள், அதில் மயங்கக் கூடாது. எட்டாண்டு அனுபவசாலிக்கு மூன்றாண்டில் சம்பளம் தானாகவே உயர்ந்திருக்கும். கேட்க வேண்டியது, போன பேட்ச்சில் எத்தனை பேர் செய்யும் வேலையையே மாற்றினார்கள் என்பது. பகுதிநேரக் கல்லூரி நேரடி எண் தரவில்லை. ஆனால் விதியைத் தெளிவாகச் சொன்னது: பாதிப் பாடங்களை முடித்தவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரலாம், கட்டணத்தை நிறுவனம் கட்டுகிறது என்றால் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் வேண்டும்.

அந்தக் கடைசி வரியில் நான் கொஞ்சம் நின்றேன். அவருடைய நிறுவனம் பாதிக் கட்டணம் தரத் தயாராக இருந்தது, இரண்டாண்டு பாண்டோடு. இலவசப் பணம் மாதிரித் தெரியும். ஆனால் வெளியே போகப் படிக்கிறவர் உள்ளேயே இருக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. முதலாண்டுக்கு வாங்க வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டார்.

அடுத்து, பொறியியலிலிருந்து நிதிப்பிரிவுக்குப் போன ஐந்து பேரைத் தேடிப் பேசினார். மூன்று பேர் தாங்கள் இருந்த நிறுவனத்துக்குள்ளேயே மாறியவர்கள். அதில் ஒருவர் எம்பிஏவே படிக்கவில்லை. ஐந்து பேரை வைத்து எந்தப் பொதுவிதியும் சொல்ல முடியாதுதான். ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு குறிப்பாவது கிடைத்தது.

மூன்றாவதுதான் திருப்பம். அவருடைய தொழிற்சாலையில் தரப்பிரிவு கழிவான பாகங்களை எண்ணிக்கையில் கணக்கு வைக்கும். நிதிப்பிரிவு அதையே பணத்தில் கணக்கு வைக்கும். இரண்டும் மாதக் கடைசியில் ஒத்துப்போனதே கிடையாது. பழுதாகி மறுபடி சரிசெய்த பாகத்துக்கு ஆன கூலி எங்கேயும் ஏறாது. வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய சரக்கின் போக்குவரத்துச் செலவு மூன்றாவது ஒரு தலைப்பில் போய் ஒளிந்துகொள்ளும். எட்டு ஆண்டாக இவருக்குத் தெரிந்த சங்கதி. நான்கு மாலை உட்கார்ந்து, எந்த உற்பத்தி வரிசையில் தரக்குறைவால் எவ்வளவு பணம் போகிறது என்று ஒரே தாளில் கொண்டுவந்தார். நிதித் தலைவரிடம் பத்து நிமிடம் கேட்டார். "வேலை வேணும்னு கேக்காத, வேலைய காட்டு" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

பத்து நிமிடம் முக்கால் மணியானது. கடைசியில் அந்தத் தலைவர் கேட்டது: "இதை மாசாமாசம் குடுக்க முடியுமாம்மா?"

16ஆம் நாள் என்னை அழைத்து, "அண்ணா, அந்த முப்பதை ஐம்பதா மாத்திக்கலாமா?" என்றார். நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்போதும் பகுதிநேரம் 18.9 வருகிறது. பகுதிநேரத்துக்கு முன்பணம் கட்டினார்.

கணக்கில் வராதவை

பதினான்காவது மாதம் நிதிப்பிரிவில் செலவு ஆய்வாளர் இடம் ஒன்று காலியானது. மாதாமாதம் அந்தத் தாளைக் கொடுத்துவந்தவர் கண்முன்னே இருக்கும்போது வெளியே ஆள் தேட அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. பட்டம் பாதிகூட முடியாத நிலையில் வேலை மாறிவிட்டது. நான் போட்ட 36 மாதம் தப்பு.

1.5 என்று போட்ட சம்பளமும் தப்பு. உள்ளுக்குள்ளே மாறுகிறவரை நிறுவனம் பழைய சம்பளத்தின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கும். வந்தது 1.1. வெளியிலிருந்து அதே நாற்காலிக்கு வருகிறவருக்குக் கொடுத்திருப்பார்களே என்று நினைத்தால் எரிச்சல் வரும், அவருக்கும் வந்தது. பகுதிநேரம் வழியாக உள்ளேயே மாறுகிறவர்கள் இந்தத் தள்ளுபடியை முதலிலேயே எதிர்பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கதவு சீக்கிரம் திறக்கும், கூலி மெதுவாகத்தான் ஏறும்.

களைப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நானே பகுதிநேரத்தில் படித்தவன், சேர்த்திருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் வாடிக்கையாளர் தணிக்கையும் பருவத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தன. நிறுவன மதிப்பீட்டுப் பாடத்தை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு எடுத்தார். அவர் எந்தப் பாடத்துக்காகச் சேர்ந்தாரோ அதே பாடம். பகுதிநேரத்தில் நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான்: தேவையில்லாத பாடம் நழுவாது, கடினமானதும் முக்கியமானதும்தான் நழுவும். வேலையில் உச்சப் பருவம் எந்த மாதம், தேர்வு எந்த மாதம் என்று இரண்டு காலண்டரையும் முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

அவர் சேர்ந்த அதே ஆண்டு, எனக்குத் தெரிந்த இன்னொருவர் முழுநேரத்தில் போனார். பள்ளி ஆசிரியர், போக நினைத்தது ஆலோசனை நிறுவனம், அதுவும் வேறு நாட்டில். செய்யும் வேலை, துறை, நாடு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவருக்கு நான் பகுதிநேரத்தைச் சொல்லவே மாட்டேன். வேறு நாட்டு மாணவர் விசா பெரும்பாலும் முழுநேரப் படிப்பைத்தான் கேட்கும் என்பது ஒருபுறம் இருக்க, அவருக்கு உள்ளேயே மாறும் கதவு என்று ஒன்று இல்லை. கல்லூரி திறக்க ஆறு மாதம் முன்பே இன்டர்வியூ பயிற்சியைத் தொடங்கிவிட்டார்; இன்டர்ன்ஷிப் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. முழுநேரத்தில் போய் "பார்க்கலாம்" என்றிருந்த மூன்றாவது ஒருவர் பழைய துறைக்கே, ஏறக்குறைய பழைய சம்பளத்துக்கே, கடனோடு திரும்பினார். அவருடைய மதிப்பெண்கள் மற்ற இருவரையும்விட மேல்.

தேர்வு பற்றி ஒரு வரி. எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். முழுநேரமா பகுதிநேரமா என்று முடிவெடுத்த பிறகுதான் எழுத வேண்டும் என்பதில்லை. இவர் முதலில் எழுதி வைத்துவிட்டு மெதுவாக யோசித்ததால்தான் இரண்டு கடிதமும் ஒரே நேரத்தில் கையிலிருந்தன.

இப்போது அவருக்கு மூன்றாமாண்டு, நான்கு பாடம் பாக்கி. நிதிப்பிரிவுக்கு மாறிய பிறகு மீதிக் கட்டணத்தில் பாதியை நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டார். பாண்டில் இன்னும் 16 மாதம் இருக்கிறது. பாதிப் பாடங்களைத் தாண்டிவிட்டதால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் தகுதி வந்துவிட்டது. போன வாரம் அழைத்தார்.

"அண்ணா, பாண்ட உடைச்சா எவ்வளவு கட்டணும்னு கணக்குப் போட்டுட்டேன். ரெண்டரை மாசச் சம்பளம்."

"எந்தச் சம்பளம், இப்ப வாங்குறதா, அங்கே தரப்போறதா?"

"அங்கே தரப்போறதுல போட்டா ஒன்னரைதான் வருது" என்றார்.